நம்ம சங்கத்துக் கதையை நாமே படம் பிடிப்போம்



இந்த மாதப் பாடம் கடனைப் பற்றியோ வட்டிக் கணக்கைப் பற்றியோ இல்லை. நம்ம ஊர்க் கல்யாண வீடியோக்காரரைப் பற்றியது. 'அவரைப் பத்திப் படிக்க என்ன இருக்கு?' என்று கேட்பீர்கள். நிறைய இருக்கிறது.

பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம், தேவிபட்டினம், ஏர்வாடி என்று நம்ம கரையோரத்தில் எங்கே போனாலும் ஒரு ஸ்டுடியோ இருக்கும். அந்த வீடியோக்காரர் நம்ம வீட்டுக் காது குத்து, சடங்கு, நிச்சயதார்த்தம், கல்யாணம் எல்லாத்துக்கும் வந்திருப்பார். எந்த வீட்டில் யார் யாருக்கு என்ன முறை என்பதுகூட அவருக்குத் தெரியும். கேமரா, விளக்கு, மைக், படத்தை வெட்டி ஒட்டுகிற கம்ப்யூட்டர் எல்லாம் அவரிடம் இருக்கிறது. ஆனால் பத்து, இருபது வருஷமாக நடக்கிற நம்ம குழுவைப் பற்றி அவரிடம் ஒரு நிமிஷப் படம் இருக்கிறதா? ஆண்டு விழாவில் அதிகாரி குத்துவிளக்கு ஏற்றின படம் வேண்டுமானால் இருக்கும். நாம் எப்படிச் சேர்ந்தோம், என்ன பாடுபட்டோம் என்பது இருக்காது.

அவருடைய கேமராவை வைத்து நம்ம குழுவின், கூட்டமைப்பின், தொழிலின் வரலாற்றை எப்படிப் பதிவு செய்வது என்பதுதான் இந்தப் பாடம்.

கல்யாண கேசட்டும் ஒரு ஆவணம்தான்

முதலில் வீட்டில் இருக்கிறதைப் பார்ப்போம். பெட்டிக்குள்ளே பழைய வி.எச்.எஸ். கேசட் கிடக்கிறதா? அதில் மாப்பிள்ளை, பெண் மட்டும் இல்லை. பந்தலுக்குப் பின்னால் அந்தக் காலத்து ஓலை வீடு தெரியும். இன்றைக்கு உயிரோடு இல்லாத அப்பத்தா பாயில் உட்கார்ந்திருப்பார். பந்தியில் என்ன பரிமாறினார்கள், சீர்வரிசையில் என்ன வைத்தார்கள், மொய் எழுதினவர் யார் எல்லாம் அதில் இருக்கும். வீடியோக்காரர் வரலாறு எழுத வரவில்லை. ஆனாலும் வரலாறு பதிவாகிவிட்டது.

கல்யாணம் கூடிவருகிற விதமும் மாறிவிட்டது. முன்னெல்லாம் உறவுக்காரர், தரகர், திருவிழாக் கூட்டம் வழியாக வரன் வந்தது. பிறகு பத்திரிகை விளம்பரம் வந்தது. 1997-ல் அமெரிக்காவில் வேலை பார்த்த முருகவேல் ஜானகிராமன் என்ற தமிழர், அங்கே இருந்த தமிழர்களுக்காக ஒரு இணையதளம் தொடங்கினார். அதில் வரன் தேடுகிற பகுதிக்குத்தான் கூட்டம் அதிகம் வந்தது. அதிலிருந்து 2000-ல் பாரத் மேட்ரிமோனி வளர்ந்தது. அவருக்கே அதன் மூலம்தான் பெண் அமைந்தது. இப்போது நம்ம பிள்ளைகளின் ஜாதகமும் போட்டோவும் செல்போனிலேயே ஊர் ஊராகப் போகிறது. உங்கள் ஊரில் முதன்முதலாக இணையத்தில் வரன் பார்த்து நடந்த கல்யாணம் யாருடையது? பாட்டிக்கு எத்தனை வயதில் கல்யாணம், அம்மாவுக்கு எத்தனை, மகளுக்கு எத்தனை? இந்த மூன்று தலைமுறைக் கணக்கை எடுத்தால் அதுவே ஒரு வரலாறு.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்கிறோம். வீடியோ இருக்கிறதே என்று கல்யாணத்தைப் பதிவு செய்யாமல் விட்டுவிடக் கூடாது. தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம் 2009-ல் வந்தது. அதன்படி எல்லாக் கல்யாணத்தையும் பதிவு செய்வது கட்டாயம். கல்யாணம் நடந்து 90 நாளுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு கொடுக்க வேண்டும். புருஷன் கைவிட்டுவிட்டு, 'எனக்கும் இவளுக்கும் கல்யாணமே நடக்கலை' என்று சொல்கிற வழக்குகளில் கல்யாணப் படமும் வீடியோவும் துணைச் சான்றாக உதவும். ஆனால் பதிவுச் சான்றிதழ் கையில் இருந்தால் அந்தப் பேச்சே எழாது.

பதிவு இல்லாவிட்டால் என்ன நஷ்டம்?

1964 டிசம்பர் 22, 23 தேதிகளில் அடித்த புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பாம்பனிலிருந்து போன ரயிலையும் கடல் கொண்டுபோனது. இன்றைக்குச் சுற்றுலா வருகிறவர்கள் இடிந்த சர்ச்சையும் ரயில் நிலையத்தையும் படமெடுத்துக்கொண்டு போகிறார்கள். அந்த ஊரில் பெண்கள் எந்த ஊற்றில் தண்ணீர் எடுத்தார்கள், எதை விற்றார்கள், புயல் ராத்திரியில் பிள்ளைகளை எப்படிக் காப்பாற்றினார்கள் என்பதைச் சுவர் சொல்லாது. மனுஷர்தான் சொல்ல வேண்டும். அன்றைக்குப் பத்து வயதாக இருந்த பெண்ணுக்கு 2024-ல் எழுபது வயது ஆகிவிட்டது. கேட்க நினைத்தால் இப்போதே கேட்க வேண்டும்.

இன்னொன்று நம்ம பிழைப்பு சம்பந்தப்பட்டது. நம்ம கரையில் மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை எடுக்கிற பெண்கள் பல தலைமுறையாக இருக்கிறார்கள். மரிக்கொழுந்திலிருந்து அகர் எடுக்கிறார்கள். கட்டக்கோரையிலிருந்து ஆல்ஜினேட் எடுக்கிறார்கள். பாசியைப் பற்றி விஞ்ஞானிகள் புத்தகம் புத்தகமாக எழுதியிருக்கிறார்கள். கண்ணில் நீர்க்கண்ணாடி மாட்டி, விரலில் துணி சுற்றி, மூச்சுப் பிடித்து முங்கி எடுத்தவர்களைப் பற்றி எவ்வளவு எழுதியிருக்கிறது?

1986-ல் மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சேர்த்துக் கடல்வாழ் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. அதற்குப் பிறகு தீவுகளைச் சுற்றிப் பாசி எடுப்பதில் தடையும் வாக்குவாதமும் வந்தன. பெண்கள் சும்மா இருக்கவில்லை. சங்கமாகக் கூடிப் பேசினார்கள். மாதத்தில் 12 நாள் மட்டும் எடுப்பது, மீன் இனப்பெருக்கக் காலத்தில் எடுக்காமல் விடுவது, பாறையைச் சுரண்டாமல் கையால் எடுப்பது என்று தங்களுக்குத் தாங்களே கட்டுப்பாடு வைத்தார்கள். இந்தப் பெண்களுக்குத் தலைமை தாங்கிய பாம்பன் சின்னப்பாலம் லட்சுமிக்கு 2015-ல் அமெரிக்காவின் சீகாலஜி பரிசு கிடைத்தது. பரிசுத் தொகை பத்தாயிரம் டாலர்.

'நீங்க எத்தனை காலமா இந்தத் தொழில் செய்றீங்க? அதுக்கு என்ன ஆதாரம்?' என்று ஒருநாள் யாராவது கேட்டால் நாம் எதைக் காட்டுவது? வன உரிமைச் சட்டம் 2006-ல் வந்தது. அதற்கான விதிகள் 2008-ல் வந்தன. அந்த விதிகளில், உரிமை கேட்கிறவர் அல்லாத வேறு பெரியவர்கள் சொன்னதை எழுதி வைத்த வாக்குமூலத்தையும் ஒரு சான்றாகச் சேர்த்திருக்கிறார்கள். அந்தச் சட்டம் கடலுக்கு எப்படிப் பொருந்தும் என்பது தனி விவாதம். நாம் கவனிக்க வேண்டியது, பெரியவர்களின் ஞாபகத்துக்கும் சட்டத்தில் இடம் உண்டு என்பது. ஆனால் அது எழுத்தில் இருக்க வேண்டும். அதனால் வீடியோ எடுத்தால் மட்டும் போதாது. சொன்னதை எழுதி, படித்துக் காட்டி, தேதி போட்டு, கையெழுத்தோ கைநாட்டோ வாங்கி வைக்க வேண்டும்.

முன்னாலேயே செய்து காட்டியவர்கள்

'படிக்காத நாமளா படம் எடுக்கிறது?' என்று நினைக்க வேண்டாம்.

குஜராத்தில் அகமதாபாத் நகரில் 1972-ல் இலா பட் தொடங்கிய 'சேவா' சங்கத்தைப் பற்றி நம்ம பயிற்சிகளில் கேட்டிருப்பீர்கள். 1984-ல் மார்த்தா ஸ்டூவர்ட் என்ற அமெரிக்கப் பெண்மணி அங்கே வந்து இருபது பெண்களுக்கு மூன்று வாரம் வீடியோ பயிற்சி கொடுத்தார். அதில் காய்கறி விற்கிறவர்களும் இருந்தார்கள். பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பொத்தான்களை எழுத்தால் இல்லை, அடையாளத்தால் பழகினார்கள். தெருவில் கடை போடுகிறவர்களின் பாட்டைப் படமெடுத்தார்கள். அப்படித்தான் 'வீடியோ சேவா' உருவானது. தங்கள் படத்தைச் சங்கக் கூட்டங்களிலும் அதிகாரிகளிடமும் போட்டுக் காட்டினார்கள்.

தெலங்கானாவில் ஜஹீராபாத் பக்கம் பஸ்தாபூர் என்ற ஊர். அங்கே டெக்கான் டெவலப்மென்ட் சொசைட்டி சங்கங்களில் இருக்கும் பெண்கள், பெரும்பாலும் தலித் விவசாயப் பெண்கள், கேமரா கற்றுக்கொண்டு படங்கள் எடுத்தார்கள். வாரங்கல் விவசாயிகள் பி.டி. பருத்தி போட்டு என்ன ஆனார்கள் என்று மாதக் கணக்காகப் போய்ப் போய்ப் படமெடுத்தார்கள். 2008-ல் 'சங்கம் ரேடியோ' என்று சொந்தமாக வானொலியும் தொடங்கினார்கள்.

அவர்கள் கேமராக் கோணங்களுக்கு வைத்த பெயரைக் கேளுங்கள். மேலேயிருந்து கீழே பார்த்து எடுத்தால் 'பட்டேல் ஷாட்'. பண்ணையார் திண்ணையில் உட்கார்ந்து கூலிக்காரரைப் பார்க்கிற பார்வை அது. கீழேயிருந்து மேலே பார்த்து எடுத்தால் 'அடிமை ஷாட்'. கண்ணுக்குக் கண் நேராக எடுத்தால் 'சங்கம் ஷாட்'. சங்கத்தில் எல்லாரும் ஒரே பாயில் சமமாக உட்கார்கிறோம் இல்லையா, அந்தப் பார்வை. நம்ம வீடியோக்காரரிடமும் இதைச் சொல்ல வேண்டும்: 'தம்பி, எங்களை சங்கம் ஷாட்ல எடுப்பா.'

தூரத்தில் போக வேண்டாம். நம்ம பாம்பனிலேயே 2016-ல் மீனவர்களுக்காகக் 'கடல் ஓசை' 90.4 சமுதாய வானொலி தொடங்கப்பட்டது. நம்ம பேச்சும் பதிவு செய்யத் தகுந்த பேச்சுதான் என்பதற்கு இதைவிடக் கிட்டத்தில் வேறு எடுத்துக்காட்டு வேண்டாம்.

வருஷம் ஞாபகம் இல்லையா?

வரலாறு என்றால் வருஷம் வேண்டும். பெரியவர்களிடம் 'எந்த வருஷம்?' என்று கேட்டால் 'அது யாருக்குத் தெரியும்' என்பார்கள். அவர்களுக்குத் தெரியும். நாம்தான் கேட்கிற விதத்தை மாற்ற வேண்டும். எல்லாருக்கும் தெரிந்த ஒரு சம்பவத்தைச் சொல்லி, அதற்கு முன்னாலா பின்னாலா என்று கேட்க வேண்டும். நம்ம கரைக்கு இந்தப் பட்டியலை வைத்துக்கொள்ளலாம்:

- 1964: தனுஷ்கோடிப் புயல்
- 1983: இலங்கைக் கலவரம், மண்டபம் முகாமுக்கு அகதிகள் வரத்து
- 1984: இந்திரா காந்தி இறந்தது
- 1987: எம்.ஜி.ஆர். இறந்தது
- 1988: பாம்பன் சாலைப் பாலம் திறந்தது
- 2004: சுனாமி
- 2016: 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாமல் போனது
- 2020: கொரோனா ஊரடங்கு
- 2025: பாம்பன் புதிய ரயில் பாலம் திறந்தது

'அக்கா, நம்ம குழு முதல் கடன் வாங்கினது சுனாமிக்கு முன்னாடியா, பின்னாடியா? அப்ப உங்க மூத்த மக என்ன வகுப்பு படிச்சா?' இப்படிக் கேட்டால் ஒன்றிரண்டு வருஷ வித்தியாசத்துக்குள் வந்துவிடும். பிறகு தீர்மானப் புத்தகம், வங்கிப் பாஸ்புக், ரேஷன் கார்டு, பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றோடு ஒத்துப் பார்க்கலாம். ஞாபகமும் பேப்பரும் வேறுபட்டால் ஒன்றை அழித்துவிடாதீர்கள். இரண்டையும் எழுதி வையுங்கள்.

யாரைக் கேட்பது, என்ன கேட்பது?

தலைவி, செயலாளர், பொருளாளர் மூன்று பேரை மட்டும் வைத்துப் படமெடுத்தால் அது ஆண்டு விழா வீடியோ மாதிரிதான் இருக்கும். குழுவை விட்டு விலகினவர், கடன் கட்ட முடியாமல் கஷ்டப்பட்டவர், முதல் கூட்டத்துக்குப் போகவிடாமல் புருஷன் தடுத்தவர், கணக்கு எழுதக் கற்றுக்கொடுத்த பக்கத்து வீட்டுப் பிள்ளை, சாப்பிடாமல் கூட்டத்துக்கு ஓடி வந்தவர் இவர்கள் எல்லாரும் வேண்டும். சண்டை வந்து குழு இரண்டாகப் பிரிந்திருந்தால் இரண்டு பக்கத்தையும் கேளுங்கள். நல்லது மட்டும் சொல்கிற கதையை நம்ம மகள்களே நம்ப மாட்டார்கள்.

கேள்விகள் 'ஆமாம், இல்லை' என்று முடிகிற மாதிரி இருக்கக் கூடாது. 'குழுவால முன்னேற்றம் அடைஞ்சீங்களா?' என்று கேட்டால் 'ஆமா' என்று மட்டும் பதில் வரும். இப்படிக் கேட்டுப் பாருங்கள்:

1. முதல் மாதச் சேமிப்பு எவ்வளவு? அந்தக் காசை எங்கேயிருந்து எடுத்தீங்க?
2. குழு இல்லாத காலத்தில் அவசரத்துக்கு யார்கிட்ட கடன் வாங்கினீங்க? நூத்துக்கு என்ன வட்டி?
3. முதன்முதலா வங்கிக்குள்ளே போன நாளைச் சொல்லுங்க. யார் கூட வந்தாங்க? உட்காரச் சொன்னாங்களா?
4. பாசியோ கருவாடோ எடையை யார் போட்டாங்க, விலையை யார் சொன்னாங்க?
5. உங்க கல்யாணத்துக்கும் உங்க மக கல்யாணத்துக்கும் எது மாறியிருக்கு? எது மாறலை?

ஒரு கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருங்கள். அவர் பேசாமல் இருந்தால் அடுத்த கேள்விக்கு ஓடாதீர்கள். சில பேச்சு கொஞ்ச நேரம் கழித்துத்தான் வரும்.

வீடியோக்காரரிடம் பேசி முடிக்க வேண்டியவை

கல்யாண வீடியோவில் அவருக்கு ஒரு பழக்கம் இருக்கும். பாட்டு போடுவார், பூ விழ வைப்பார், இதயம் பறக்க விடுவார். நமக்கு அது வேண்டாம். பேசுகிறவர் குரல் தெளிவாகக் கேட்டால் போதும். கடற்கரையில் காத்து இரைச்சல் அதிகம். அதனால் சட்டையிலோ சேலையிலோ குத்துகிற சின்ன மைக் கேளுங்கள். பேட்டியைக் காத்து குறைவான காலை நேரத்தில், நிழலில் எடுங்கள். பாசி உலர்த்துகிறது, வலை சிக்கெடுக்கிறது, எடை போடுகிறது ஆகிய வேலைகளைத் தனியாக எடுக்கச் சொல்லுங்கள். கை செய்கிற வேலையைக் கிட்டத்தில் காட்ட வேண்டும்.

சட்டத்தில் நமக்குச் சாதகமான ஒன்று இருக்கிறது. 1957-ம் வருஷப் பதிப்புரிமைச் சட்டப்படி, கூலி கொடுத்து ஒருவர் எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். ஆனாலும் வாய்ப் பேச்சாக விடாமல் ஒரு தாளில் எழுதிக்கொள்வோம்:

- மொத்தக் கூலி எவ்வளவு, முன்பணம் எவ்வளவு, எந்தத் தேதிக்குள் முடித்துக் கொடுப்பார்.
- வெட்டி ஒட்டின படம் மட்டும் இல்லை, வெட்டாத முழுப் பதிவும் கூட்டமைப்புக்குத் தர வேண்டும்.
- கூட்டமைப்பைக் கேட்காமல் அவர் விளம்பரத்துக்கோ வேறு எதற்கோ இதைப் பயன்படுத்தக் கூடாது.

கூலியைப் பொதுநிதியிலிருந்து கொடுப்பதாக இருந்தால் தீர்மானம் போட்டுத்தான் கொடுக்க வேண்டும். அதற்கு வசதி இல்லாத குழு செல்போனிலேயே எடுக்கலாம். போனை ஆட்டாமல், படுக்கை வசமாகப் பிடித்து, பேசுகிறவர் பக்கத்தில் இன்னொரு போனைக் குரல் பதிவுக்கு வைத்தால் போதும்.

கேட்காமல் எடுக்காதீர்கள், காட்டாமல் வெளியிடாதீர்கள்

இது ரொம்ப முக்கியம். ஒரு பெண் மனசு திறந்து பேசும்போது புருஷன் அடித்ததையும் சொல்லுவார், மாமியார் பேசினதையும் சொல்லுவார். அது வாட்ஸ்அப்பில் போனால் அன்றைக்கு ராத்திரி அவர் வீட்டில் என்ன நடக்கும் என்று யோசிக்க வேண்டும். எடுப்பதற்கு முன்னால் எதற்காக எடுக்கிறோம், யார் பார்ப்பார்கள் என்று சொல்லிச் சம்மதம் வாங்குங்கள். எடுத்த பிறகு அவருக்கு முதலில் போட்டுக் காட்டுங்கள். 'இந்த இடத்தை எடுத்திருங்க' என்றால் மறுபேச்சு இல்லாமல் எடுத்துவிட வேண்டும். வயசுப் பிள்ளைகள் முகம், வங்கிக் கணக்கு எண், ஆதார் எண் எதுவும் படத்தில் தெரியக் கூடாது. பாசி எங்கே அதிகம் கிடைக்கும் என்ற இடத்தைச் சொல்ல விருப்பமில்லை என்றால் அதையும் மதியுங்கள். அது அவர் சோறு.

பத்திரமாக வைப்பது எப்படி?

உப்புக் காத்தும் ஈரமும் கேசட்டுக்கு எதிரி. நாடாவில் பூஞ்சை பிடித்தால் படம் போச்சு. பழைய கேசட்டைத் தரையில் அடுக்காமல், நிற்க வைத்து, ஈரம் படாத பெட்டியில் வையுங்கள். பூஞ்சை தெரிந்தால் ஓட்டிப் பார்க்காதீர்கள்; அது டெக்கையும் கெடுக்கும். சீக்கிரமே ஸ்டுடியோவில் கொடுத்துப் பென்டிரைவுக்கு மாற்றிவிடுங்கள். ஸ்டுடியோவில் இருக்கிறதே என்று நம்பியும் இருக்காதீர்கள். இடம் பத்தாவிட்டால் பழைய கல்யாணங்களை அழித்துவிட்டுத்தான் புதுசை ஏற்றுவார்கள்.

நம்ம பதிவுக்கு மூன்று பிரதி வேண்டும். ஒன்று குழுவில், ஒன்று கூட்டமைப்பு அலுவலகத்தில், ஒன்று கரையை விட்டுத் தள்ளி இருக்கிற ஊரில். புயல் வந்தால் மூன்றும் ஒன்றாகப் போகக் கூடாது. பென்டிரைவும் என்றைக்கும் இருக்கிற பொருள் இல்லை. வருஷத்துக்கு ஒரு தடவை போட்டுப் பார்த்துப் புதுசில் ஏற்றுங்கள். ஒவ்வொரு பதிவுக்கும் பேசினவர் பெயர், ஊர், தேதி, எடுத்தவர், கேட்டவர் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். பெயர் எழுதாத படம் இருபது வருஷம் கழித்து யாருக்கும் உதவாது.

அடுத்த குழுக் கூட்டத்தில் பேசி முடிவு செய்ய

1. நம்ம குழுவில் அல்லது தெருவில் மிக மூத்த பெண்கள் மூன்று பேர் யார்? முதலில் யாரிடம் போவது?
2. கேள்வி கேட்க ஒருவர், எழுத ஒருவர், படமெடுக்க ஒருவர் யார் யார்? பள்ளி, கல்லூரி படிக்கிற மகள்களைச் சேர்த்துக்கொள்ளலாமா?
3. யார் வீட்டில் பழைய கேசட், ஆல்பம், மொய் நோட்டு இருக்கிறது? பட்டியல் எடுத்தாயிற்றா?
4. நம்ம குழுவில் கல்யாணம் ஆகியும் பதிவு செய்யாத குடும்பங்கள் எத்தனை?

முடிவைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, கூட்டமைப்பு மாதக் கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். முதல் பேட்டிக்கு எந்த ஊர் தயாராகிறதோ அங்கே நாங்கள் வந்து கூட உட்காருகிறோம். தேதியை மட்டும் தள்ளிப் போடாதீர்கள். பாட்டிகள் நமக்காகக் காத்திருக்க மாட்டார்கள்.